பிளக் கருகுகிறது, பல்பு அணைய மறுக்கிறது: வாடகை வீட்டு மின்சாரக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாடகை வீடுகளிலிருந்து. பதில்கள் நம் ஊர் 230 வோல்ட் இணைப்புக்கானவை. பல்பு, பிளக் டாப், சாக்கெட், ஃபேன் கண்டென்சர் ஆகியவற்றை, மெயினை அணைத்துவிட்டு, கைப்பழக்கம் உள்ளவர்கள் மாற்றலாம். சுவருக்குள் ஓடும் ஒயரும் எர்த் குழியும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனுடைய வேலை. மீட்டரும் அதற்கு முன்னால் இருக்கும் ஃபியூஸும் மின்வாரியத்துடையவை. அவற்றில் நீங்களும் கை வைக்கக் கூடாது, எலக்ட்ரீஷியனும் கை வைக்கக் கூடாது.

குளியலறை ஹீட்டர் பிளக்கின் ஒரு கால் மட்டும் கறுத்துப்போகிறது. பிளக் டாப்பை இரண்டு முறை மாற்றியும் அதே கதை. மட்டமான பிளக்கா, ஹீட்டரில் கோளாறா?
– வாசகி, தாம்பரம்

பெரும்பாலும் இரண்டும் இல்லை. குற்றவாளி சாக்கெட்.

2000 வாட் ஹீட்டர் இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். 3000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் என்றால் 13 ஆம்பியர். இவ்வளவும் சாக்கெட்டுக்குள் இருக்கும் சின்னப் பித்தளைக் கவ்வி வழியாகத்தான் போக வேண்டும். கவ்வி தளர்ந்தால் பிளக்கின் காலை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடும். அந்த இடத்தில் அரை ஓம் தடை உருவானாலே போதும், 8.7 ஆம்பியரில் ஏறக்குறைய 38 வாட் சூடு அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஒரு சோல்டரிங் அயர்னை பிளக்குக்குள் சொருகி வைத்த மாதிரி. அந்தச் சூட்டில் பித்தளை விறைப்பை இழந்து இன்னும் தளரும், தளரத் தளரச் சூடு ஏறும். அதிக லோடு வந்தால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஓடும் கரண்டின் அளவு மாறவே இல்லை.

இதனால்தான் பிளக் டாப்பை மட்டும் மாற்றினால் பயன் இல்லை. தளர்ந்த சாக்கெட் புது பிளக்கையும் கருக்கிவிடும். கருகிய பிளக்கைப் புது சாக்கெட்டில் செருகினால் சாக்கெட் கெடும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

வாங்க வேண்டியவை: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று, 16 ஆம்பியர் பிளக் டாப் ஒன்று. சுவிட்சும் சூடாகிப் பழுத்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடுலர் பலகை என்றால் பழைய சாக்கெட்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போவது நல்லது. ஒரு கம்பெனியின் சட்டத்தில் இன்னொரு கம்பெனியின் சாக்கெட் உட்காராது.

மெயினை அணையுங்கள். அணைப்பதற்கு முன்பே டெஸ்டரை வேலை செய்யும் ஒரு பாயின்ட்டில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். செத்த டெஸ்டரை நம்பி ஷாக் வாங்கியவர்கள் நிறைய. பலகையைத் திறந்ததும் கருகிய சாக்கெட்டில் எந்த ஒயர் எங்கே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஒயர் நுனியில் செம்பு கறுத்தும் மேலுறை விறைத்தும் இருந்தால், பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட வேண்டும். கறுத்த செம்பின் மேல் எவ்வளவு இறுக்கினாலும் தொடர்பு சரியாக இருக்காது. பிறகு சுமார் 10 மி.மீ. உரித்து, இழைகளை முறுக்கி, இரண்டாக மடக்கி உள்ளே விட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஸ்க்ரூ செம்பின் மேல் உட்கார வேண்டும், பிளாஸ்டிக் உறையின் மேல் அல்ல. முடித்ததும் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

எர்த் துளை மேலே இருக்குமாறு சாக்கெட்டை எதிரே நின்று பார்த்தால், வலது கை துளை ஃபேஸ், இடது கை துளை நியூட்ரல். பிளக் டாப்புக்குள் பழுப்பு ஒயர் ஃபேஸுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சையும் மஞ்சளும் கலந்தது தடித்த காலுக்கு. எர்த் ஒயரை மற்ற இரண்டையும் விட ஒரு சென்டிமீட்டர் நீளமாக விடுங்கள். யாராவது காலில் மாட்டி இழுத்தால் கடைசியாகப் பிடுங்கிக்கொண்டு வருவது எர்த்தாக இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஹீட்டரை 15 நிமிடம் ஓட்டி, சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிக் கால்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் கோளாறு உள்ளே, சுவர் ஒயரில். ஹீட்டர் பாயின்ட்டுக்குக் குறைந்தது 2.5 சதுர மி.மீ. ஒயர் வந்திருக்க வேண்டும், 4 இருந்தால் நிம்மதி. 1.5 ஒயரை இழுத்து 16 ஆம்பியர் சாக்கெட் போட்டுவைத்த பழைய வீடுகள் ஏராளம். அது வீட்டுக்காரர் செலவில் மாற்ற வேண்டியது.

ஒன்று கண்டிப்பாக வேண்டாம்: பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்ட விற்கும் கன்வெர்ட்டர். 6 ஆம்பியர் பாயின்ட்டின் மொத்தத் தாங்குதிறனே 1380 வாட்தான். 1500 வாட் கெட்டில்கூட அதற்கு மேல்.

மழைக்காலத்தில் ட்ரிப்பர் அடிக்கடி விழுகிறது. எலக்ட்ரீஷியன் வந்து "இது சென்சிட்டிவ் பீஸ், கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா?
– வாசகர், கடலூர்

செய்யக் கூடாது. அந்த ஆளை மாற்றுங்கள்.

முதலில் விழுவது எது என்று பாருங்கள். பெட்டியில் 'டெஸ்ட்' என்றோ அதன் முதல் எழுத்தோ போட்ட சின்னப் பொத்தான் இருந்தால் அது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால் விழும். வீடுகளுக்கு வருவது 30 மில்லி ஆம்பியர் ரகம். அந்தப் பொத்தான் இல்லாத ஒற்றை ஒற்றைக் குமிழ்கள் எம்.சி.பி. அவை அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டுமே விழும். மழையோடு சேர்ந்து விழுகிறது என்றால் அநேகமாக ஆர்.சி.சி.பி.தான், எங்கோ ஈரத்தின் வழியாகக் கரண்ட் கசிகிறது.

கண்டுபிடிக்கும் முறை இது. எல்லாப் பிளக்குகளையும் உருவுங்கள், சுவிட்சை அணைத்தால் போதாது. எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மேலே ஏற்றுங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றி வாருங்கள். எதில் விழுகிறதோ அந்த வரிசையில் கசிவு. எல்லாம் நின்றால், பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். வழக்கமாக மாட்டிக்கொள்பவை ஹீட்டர் காயில், வாஷிங் மெஷின், பழைய ஃப்ரிட்ஜ், மொட்டை மாடி விளக்கு, மோட்டார் ஸ்டார்ட்டர்.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கும்போதே ஆர்.சி.சி.பி. விழுகிறதா? அப்போது பலர் "ஆர்.சி.சி.பி. போச்சு" என்று முடிவு கட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். ஒற்றைக் குமிழ் எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைந்தபடியே இருக்கும். எங்காவது நியூட்ரல் ஒயர் எர்த்தைத் தொட்டாலும் ஆர்.சி.சி.பி. விழலாம். ஒழுகும் சுவரில் பதித்த ஸ்விட்ச் பாக்ஸில் இது சகஜம். எலக்ட்ரீஷியன் நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

விழுந்த எம்.சி.பி. சில பிராண்டுகளில் நடுவில் நிற்கும். முழுதாகக் கீழே தள்ளிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றிய நொடியிலேயே விழுந்தால் ஷார்ட், பத்து நிமிடம் கழித்து விழுந்தால் அதிக லோடு. "16க்குப் பதில் 32 போட்டால் விழாது" என்பார்கள். உண்மைதான், விழாது, அதற்குப் பதில் சுவருக்குள் ஒயர் உருகும். எம்.சி.பி. காப்பது ஒயரை.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அது வெறும் பொம்மை, மாற்ற வேண்டும்.

ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்கிறது. செருப்புப் போட்டிருந்தால் இல்லை. டெஸ்டர் லேசாக எரிகிறது. வீட்டுக்கார அம்மா, "பிளக்கைத் திருப்பிப் போடுங்க, சரியாயிடும்" என்கிறார்.
– வாசகி, மதுரை

மூன்று கால் பிளக்கைத் திருப்பிப் போட முடியாது. திருப்பிப் போடுகிற அளவுக்கு இரண்டு கால் பிளக் மாட்டியிருந்தால் கோளாறே அதுதான்.

சரி செய்யும் வரை ஃப்ரிட்ஜை வெறுங்காலோடும் ஈரக்கையோடும் தொட வேண்டாம். உள்ளே கசிவு சின்னதாகவும் இருக்கலாம், கம்ப்ரஸரின் காப்பு கெட்டதாகவும் இருக்கலாம். எதுவானாலும், எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கரண்ட் உங்கள் உடம்பைத் தேடி வராது. ஆகவே இரண்டு வேலை: எர்த்தைச் சரிசெய்வது, ஃப்ரிட்ஜை மெக்கானிக்கிடம் காட்டுவது. முதல் வேலை முந்தி.

சாக்கெட்டில் மூன்றாவது துளை இருப்பதால் பின்னால் எர்த் ஒயர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. டெஸ்டரும் இதைச் சொல்லாது. மூன்று சின்ன விளக்குகள் கொண்ட சாக்கெட் டெஸ்டர் ஒன்று எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். செருகினால் எர்த் இல்லை, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன என்பதையெல்லாம் விளக்குகள் எரியும் விதத்தைக் கொண்டு சொல்லும். அட்டவணை அதன் மேலேயே ஒட்டியிருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீடு மாறும்போதெல்லாம் உதவும் கருவி இது. ஆனால் அது எர்த் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும், குழி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லாது. அதை எலக்ட்ரீஷியன் எர்த் டெஸ்டர் வைத்து அளக்க வேண்டும்.

எர்த் போகும் இடங்கள் வழக்கமாக மூன்று. பலகைக்குள் பச்சை ஒயர் எதிலும் மாட்டப்படாமல் சுருண்டு கிடக்கும். அல்லது குழியில் கம்பியோடு சேரும் இடம் துருப்பிடித்துப் பிரிந்திருக்கும். அல்லது கோடையில் குழி காய்ந்து போயிருக்கும்; அதற்குத் தண்ணீர் ஊற்றினாலே முன்னேற்றம் தெரியும். நான்காவது ஒன்று உண்டு, அது கோளாறு இல்லை, குற்றம்: சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த்துக்கு இழுத்துவிடுவது. சாக்கெட் டெஸ்டர்கூட இதை "சரி" என்றே காட்டிவிடும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் நிற்கும். சாக்கெட்டைத் திறக்கும்போது அப்படி ஒரு துண்டு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

குழாயில் ஷாக் அடித்தால் யோசிக்கவே வேண்டாம், ஹீட்டர் எம்.சி.பி.யை அணையுங்கள். அதுவே போதவில்லை என்றால் மெயினை.

பழைய 40 வாட் ட்யூப்லைட் ஃபிட்டிங்கில் எல்.இ.டி. ட்யூபை அப்படியே மாட்டலாமா?
– வாசகர், சேலம்

சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றாமல் மாட்ட வேண்டாம். எல்.இ.டி. ட்யூபில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே முனையில் வரும். மற்றதில் ஒரு முனைக்கு ஒன்று. ரகம் தெரியாமல் பழைய ஹோல்டரில் இணைத்தால் ஷார்ட் ஆகும், அல்லது மாட்டும்போது மறுமுனையில் கரண்ட் இருக்கும். ட்யூபின் மேலேயே படம் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் ஒயர் மாற்ற வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (விளக்கும் ஃபிட்டிங்கும் ஒன்றாக வரும் பட்டை) வாங்குவது உத்தமம். இரண்டு கிளிப், இரண்டு ஸ்க்ரூ, இரண்டு ஒயர். பழைய ஃபிட்டிங்கைத் துடைத்துப் பரணில் வையுங்கள், வீடு காலி செய்யும்போது அதை மாட்டிவிட்டுப் பேட்டனை எடுத்துப் போகலாம். பழையது சோக்கோடு சேர்த்து 50 வாட் அளவுக்கு இழுக்கும். தினம் 6 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் ஒரு விளக்குக்கு ஏறக்குறைய 11 யூனிட் மிச்சம்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிகிறது. பேய் வீடு என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.
– வாசகி, திருநெல்வேலி

சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறதா? அந்த நியான் வழியாகக் கசியும் துளி கரண்டே எல்.இ.டி.யை மினுக்கப் போதும். ஆபத்தில்லை, சாதாரண சுவிட்ச் போட்டால் நின்றுவிடும்.

நியான் இல்லாத சுவிட்ச் என்றால் கவனிக்க வேண்டும். சுவிட்ச் ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டுகிறது என்று சந்தேகப்படலாம். பல்பைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, ஹோல்டரின் இரண்டு முனைகளையும் டெஸ்டரால் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் சந்தேகம் உறுதி. இப்படி இருக்கும் வீட்டில், சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி பல்பு மாற்றுபவருக்கு ஹோல்டரிலேயே ஷாக் காத்திருக்கிறது. போர்டில் இரண்டு ஒயரை இடம் மாற்றும் வேலை, எலக்ட்ரீஷியன் சில நிமிடங்களில் செய்வார். அதுவரை மெயினை அணைத்தே பல்பைத் தொடுங்கள்.

வாங்கிய ஆறு மாதத்துக்குள் எல்.இ.டி. பல்புகள் போய்விடுகின்றன. கம்பெனி பல்புதான் வாங்குகிறோம்.
– வாசகர், ஆவடி

எந்த ஹோல்டரில் போகிறது என்று குறித்து வையுங்கள். எப்போதும் ஒரே ஹோல்டர் என்றால் பல்பைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே இருக்கும் இரண்டு ஸ்பிரிங் பின்களும் கறுத்து அமுங்கிப் போயிருக்கும், பல்பு கணத்துக்கு நூறு முறை விட்டு விட்டு எரியும். ஹோல்டரை மாற்றுங்கள், விலை மிகக் குறைவு.

மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் போகிறது என்றால் சூடு. எல்.இ.டி. சில்லு கெடுவதற்கு வெகு முன்பே, அதன் அடியில் இருக்கும் டிரைவரின் கண்டென்சர் சூட்டில் காய்ந்துவிடும். குடுவைக்குள் 9 வாட்டுக்குப் பதில் 5 வாட் போடுங்கள், அல்லது குடுவையைக் கழற்றிப் பரணேற்றுங்கள். வீடு முழுக்கப் போகிறது என்றால் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, மின்வாரியத்தில் புகார் செய்யுங்கள்.

வாரன்டி உள்ள பல்பின் அடியில் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதி, பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்.

ஃபேன் ஐந்தில் வைத்தாலும் மூன்றில் ஓடுகிற மாதிரி இருக்கிறது. புதுசு வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, திருச்சி

மெயினை அணைத்து இறக்கையைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றி நின்றால் கண்டென்சர், கடினமாக இருந்தால் பேரிங், கருகல் வாடை வந்தால் காயில். கையால் தள்ளிவிட்டால்தான் ஓடத் தொடங்கும் ஃபேனுக்குப் பெரும்பாலும் கண்டென்சரே நோய்.

வாங்கும்போது பழையதின் மேல் எழுதியதையே கேளுங்கள். பெரும்பாலான சீலிங் ஃபேன்களில் 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட். 3.15 அல்லது 4 உள்ளவையும் உண்டு. "கொஞ்சம் பெருசாப் போட்டா ஸ்பீடு ஏறும்" என்று சிலர் சொல்வார்கள். காற்று சற்றுக் கூடலாம், காயிலும் சீக்கிரம் கருகும்.

மாற்ற, சுவிட்சோடு எம்.சி.பி.யையும் அணையுங்கள் (திருநெல்வேலி வாசகிக்குச் சொன்ன நியூட்ரல் தகராறு இங்கேயும் இருக்கலாம்). மேல் கிண்ணத்தை இறக்கினால் கண்டென்சர் தெரியும். அதில் மிச்சக் கரண்ட் இருக்கும், அதன் இரண்டு ஒயர் நுனிகளையும் பிளாஸ்டிக் கைப்பிடி ஸ்க்ரூடிரைவரால் ஒன்றாகத் தொடவைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். புதியதின் இரண்டு ஒயர்களில் எது எதில் போனாலும் ஒன்றே.

மேலே ஏறியது ஏறிவிட்டீர்கள், கொக்கியில் ஃபேன் தொங்கும் போல்ட்டையும் பாருங்கள். நட்டுக்குப் பின்னால், அது கழன்று விழாமல் தடுக்கும் காட்டர் பின் இருந்து, இரண்டு காலும் விரித்து விடப்பட்டிருக்க வேண்டும். ரப்பர் புஷ் நசுங்கி உலோகத்தோடு உலோகம் உரசினால் உடனே மாற்றுங்கள். ஃபேன் விழுவது அந்த இடத்திலிருந்துதான்.

புதுசே வாங்குவதென்றால், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் பாருங்கள். பழையது 75 வாட், இது 30 வாட் அளவு. தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் குறையும். சுவரிலுள்ள ரெகுலேட்டரோடு இது ஒத்துப்போகாது, ரெகுலேட்டரை விலக்கி நேராகக் கொடுக்க வேண்டும். பழைய ஃபேனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது மாட்ட வேண்டியது அதுதான்.

எங்கள் மீட்டரில் மாடிப் பொது விளக்கும் மோட்டாரும் ஓடுகிறதோ என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு மீட்டரின் முன் நில்லுங்கள். மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு நின்றுவிட வேண்டும். பத்து நிமிடம் பார்த்தும் மினுக்கினால், மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் யாரோ கிளை எடுத்திருக்கிறார்கள். மோட்டார் ஓடும் நேரத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

மெயினுக்குப் பிறகு கிளை போயிருந்தால் வேறு வழி. மெயின் ஆனில் இருக்கட்டும், உங்கள் வீட்டில் எல்லாப் பிளக்கையும் உருவி எல்லாச் சுவிட்சையும் அணையுங்கள். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 1600 அல்லது 3200 துடிப்பு என்பது போல ஒரு எண் இருக்கும். 3200 என்றால், 1125ஐ இரண்டு மினுக்கலுக்கு நடுவிலுள்ள விநாடிகளால் வகுங்கள், வருவது வாட். 9 விநாடிக்கு ஒரு முறை என்றால் 125 வாட் எங்கோ ஓடுகிறது. 1600 மீட்டருக்கு 1125க்குப் பதில் 2250. மீட்டரே வேகமாக ஓடுகிறதா என்பதையும் இப்படியே சோதிக்கலாம்: 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் எரியவிட்டால் 3200 மீட்டர் 11 விநாடிக்கு ஒரு முறை மினுக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால், கட்டணம் செலுத்தி மீட்டரைச் சோதிக்கச் சொல்லி மின்வாரியத்தில் கேட்கலாம்.

இதில் பணம் போகும் வழி ஒன்றுண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கும் அடுத்த படியின் விலை வந்துவிடும். பொது மோட்டாரின் 30 யூனிட் உங்களை 490லிருந்து 520க்குத் தள்ளினால் நட்டம் 30 யூனிட்டோடு நிற்காது. சர்வீஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, மின் கட்டணத்தை இணையத்தில் நீங்களே பார்த்துக் கட்டுங்கள்.

கட்டை ஃபியூஸ் உள்ள பழைய வீடு. ஃபியூஸ் போனால் ஒயரில் ஒரு இழையை எடுத்துக் கட்டிவிடுகிறோம். தவறா?
– வாசகர், கும்பகோணம்

தவறு. இழையின் தடிமன் தெரியாமல் கட்டுவது ஃபியூஸே இல்லாததற்குச் சமம். ஈயம் பூசிய செம்பு ஃபியூஸ் கம்பி ஆம்பியர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்: 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ., 10க்கு 0.35, 15க்கு 0.5. விளக்கு, ஃபேன் வரிசைக்கு 5 போதும். ஒற்றை இழைதான், முறுக்கி இரட்டையாக்கக் கூடாது. முன்னால் போனது ஏன் போனது என்று தெரியாமல் இரண்டாம் முறை கட்ட வேண்டாம்.

திடீரென்று சில விளக்குகள் அளவுக்கு மீறிப் பிரகாசமாகின, சில மங்கின. டி.வி. போய்விட்டது. ஏன்?
– வாசகி, வேலூர்

மூன்று ஃபேஸ் வரும் கட்டடத்தில் நியூட்ரல் அறுந்தால் இப்படி ஆகும். ஒரு ஃபேஸில் வோல்டேஜ் 300க்கு மேலும் போகலாம், இன்னொன்றில் பாதியாக இறங்கும். காரணம் தேடாமல் மெயினை அணையுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் குரல் கொடுங்கள். பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குப் புகார். நியூட்ரல் சேர்ந்துவிட்டது என்று ஊழியர் சொல்லும் வரை எதையும் போட வேண்டாம்.

ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை: ஒரு ஃபேஸ் போனதும் எல்லாரும் மிச்சமுள்ள ஒன்றுக்குத் திருப்பிவிட்டு ஏ.சி. போட்டால் அந்த ஃபேஸின் ஃபியூஸும் போகும். திருப்பினால் ஃபேன், விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சமையல் மேடையில் என் நிழலே விழுகிறது. சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடவில்லை.
– வாசகி, புரசைவாக்கம்

விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அப்படி. மேடைக்கு மேலே பரண் அல்லது அலமாரி இருந்தால் அதன் அடியில், சுவரோரம் இல்லாமல் முன் விளிம்பை ஒட்டி, ஓரடி நீள 5 வாட் பேட்டன் ஒன்றை இரட்டைப் பக்க ஃபோம் டேப்பால் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் குழம்பில் விழும். பெட்டியில் 4000 கெல்வின் என்று போட்ட, லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை நிறம் எடுங்கள். 6500இல் காய் வெந்த நிறமே தெரியாது. ஒயர் அடுப்பின் மேலும் சிங்க்கின் மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்ச் உடைந்தால் யார் செலவு?
– வாசகர், ஈரோடு

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதுதான். எழுதாவிட்டால், 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள ஒயரிங் உரிமையாளர் பொறுப்பு, சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. எர்த் இல்லை, ஒயர் மெல்லியது, சுவர் ஒழுகிப் போர்டில் ஈரம் என்பதெல்லாம் முதல் வகை. வாட்ஸ்அப்பில் போட்டோவோடு எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். தகராறு வந்தால் கரண்டை நிறுத்திவிடுவேன் என்று மிரட்ட உரிமையாளருக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

புது வீடு பார்க்கப் போகிறோம். மின்சாரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஓசூர்

ஒரு போன் சார்ஜரும் சாக்கெட் டெஸ்டரும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு சாக்கெட்டிலும் டெஸ்டரைச் செருகிப் பாருங்கள், சமையலறையும் குளியலறையும் தப்பக் கூடாது. செருகியது ஆடாமல் நிற்கிறதா என்றும் கவனியுங்கள். ஏ.சி., ஹீட்டர், இன்டக்‌ஷன் அடுப்புக்குத் தனித்தனி 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா, பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, போர்டைச் சுற்றிச் சுவரில் ஈரத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன்களை ஒவ்வொன்றாக முழு வேகத்தில் ஓடவிடுங்கள். முன்பு இருந்தவர் பாக்கி வைத்துப் போயிருக்கிறாரா என்று சர்வீஸ் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங்கைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.